யானை வேஷம் யாருக்கு?

சென்ற மாதம் ஒரு சாயங்காலம். எங்கள் கடைக்கு மிளகாய் வற்றல் மூட்டை வந்து இறங்கி, திருவனந்தபுரம் ஆரியசாலையில் பாதித் தெரு தும்மிக்கொண்டிருந்தது. அந்தத் தும்மலுக்கு நடுவே, குடையை மடக்கியபடி சாராள் டீச்சர் வீட்டுக்குள் வந்தார். உட்கார்ந்தார். தும்மினார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

“அக்கா, ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நீங்க ஒரு நாடகம் எழுதித் தரணும், கேட்டியளா.”

பத்திரிகையில் வாராவாரம் பெயர் வந்தால் ஊரில் மரியாதை கூடும் என்று நினைக்கிறீர்களா? கூடுவது வேலைதான். கல்யாணமா... வாழ்த்துப் பா எழுது. ஆபீஸர் மாற்றலாகிப் போகிறாரா... பிரிவுபசாரப் பத்திரம் எழுது. ஒருவர், காணாமல்போன பசுவுக்கு விளம்பரம் எழுதித் தரச் சொன்னார். “படிச்சா கண்ணுலே தண்ணி வரணும்” என்றார். உருகி உருகி எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். பசு மட்டும் வரவில்லை.

ஆனால் சாராள் டீச்சர் கேட்டால் மறுக்க வாய் எழாது. நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். ஆள் ஒல்லி, வேலை என்று வந்தால் நாலு ஆளுக்குச் சமம். மலையாளமே முழங்குகிற பள்ளிக்கூடத்தில், ‘ஆண்டு விழாவில் ஒரு தமிழ் நாடகமாவது வேண்டும்’ என்று மேலிடத்தில் சண்டை போட்டு இடம் வாங்கி வந்திருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் ‘எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது’ என்று சொல்ல முடியுமா?

“என்ன மாதிரி நாடகம் டீச்சர்?”

“மிருகங்க கதை போதும். ஒரு நீதியும் இருக்கட்டும். ராஜா ராணி வேண்டாம் அக்கா. இந்த யுத்த காலத்துலே பட்டுக்கு எங்கே போவ? மிருகம்னா வாலுக்கு மட்டும் துணி இருந்தா மதி, அதுவே போதும்.”

எழுதினேன். காட்டில் ஒரு நரி மண்டி வைக்கிறது. நம் ஆரியசாலை மண்டி மாதிரியே! தராசு, திண்டு, ‘வாங்க வாங்க’ எல்லாம் உண்டு. சரக்குத்தான் வேறு. பிடிக்காத அவயவத்தைக் கொடுத்துவிட்டுப் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். எல்லோரும் பார்த்துச் சிரிக்கிறதால் யானைக்குத் தன் மூக்கு பிடிக்கவில்லை. அதைக் கொடுத்துவிட்டு மான் மூக்கு வாங்குகிறது. கொக்குக்குக் கால் பிடிக்கவில்லை. காக்கைக்கு நிறம் பிடிக்கவில்லை. ஆமைக்கு முதுகு. எல்லோரும் மாற்றிக்கொண்டு சந்தோஷமாகப் போகிறார்கள். பிறகு பெருமழை. வெள்ளம். யானைக்குத் தும்பிக்கை இருந்தால் குட்டிகளைத் தூக்கிக் கரையேற்றலாம். கொக்குக்கு நீளக் கால் இருந்தால் ஆழம் பார்த்துச் சொல்லலாம். ஐயோ, தப்புச் செய்தோமே என்று நரியிடம் ஓடித் தங்கள் தங்கள் உடம்பைத் திரும்ப வாங்கி, காட்டைக் காப்பாற்றுகிறார்கள். அவரவருக்கு அவரவர் பலம். சுபம்.

எனக்கு ரொம்பத் திருப்தி. எழுதிய மையே உலரவில்லை, யாரிடமாவது படித்துக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் அப்போது மூட்டைக் கணக்கில் இருந்தார். அடுத்த வீட்டுக் கோமதி வந்தாள்.

கோமதிக்குப் பதினோரு வயசு. சாராள் டீச்சரின் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். என்னைப் பெரியம்மை என்பாள். தகப்பனார் ஆறுமுகம் தம்பி மிளகு, சுக்கு வியாபாரம். தாயார் பகவதி. ஒரே பிள்ளை. பருமனான பெண். இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? குண்டு. நல்ல குண்டு.

நாடகம் முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒரே கேள்வி கேட்டாள்.

“மழை வராட்டி?”

“வரும். நான்தானே எழுதுதேன்.”

“இல்லே பெரியம்மை... மழை வராட்டி ஆனையைப் பாத்து எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதான் இருப்பாங்களா?”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அடுப்பு வேலை ஓடவில்லை. ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். யோசித்துப் பாருங்கள். நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதையெல்லாம் இந்த மாதிரிதானே? கேலிக்கு ஆளானவன் ஒரு நாள் ஊருக்கு உதவுவான். உடனே ஊர் கேலியை நிறுத்தும். அதாவது, கேலியை நிறுத்த வேண்டுமானால் அவன் ஊரைக் காப்பாற்றியாக வேண்டும்! கேலி செய்கிறவன் எதையும் காப்பாற்ற வேண்டாம். அவனுக்கு உடம்பு சரியான அளவில் இருக்கிறதல்லவா, அது போதும்.

மழையை அடித்துவிட்டேன். வெள்ளத்தையும் அடித்துவிட்டேன். புதிய முடிவில் ஒன்றுமே நடக்காது. மறுநாள் காலையில் யானை எழுந்து நேராக மண்டிக்கு வரும். “என் மூக்கைத் தா” என்று கேட்கும். நரி, “அதனாலே உனக்கு என்ன லாபம்?” என்று கேட்கும். யானை சொல்லும்: “லாபமெல்லாம் உன் கடைக்கு. மூக்கு எனக்கு.” அவ்வளவுதான் நாடகம்.

சாராள் டீச்சர் படித்துவிட்டு, “நீதி கொஞ்சம் குறைஞ்சு போச்சே” என்று இழுத்தார். பிறகு, “பரவால்லே, பிள்ளைகளுக்குப் படிக்க எளுப்பம், லேசா இருக்கும்” என்று எடுத்துக்கொண்டு போனார்.

அத்துடன் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பகவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கோமதி பள்ளிக்கூடம் போகவில்லையாம். போக மாட்டேன் என்கிறாளாம். காரணம்? நாடகத்துக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, டீச்சர் ஒவ்வொருவரையும் பார்த்துப் போர்டில் எழுதிவிட்டாராம். கழுத்து நீண்ட பெண் கொக்கு. கறுத்த பெண் காக்கை. சிவத்த பெண் மான். கோமதி... சொல்லவும் வேண்டுமா?

அவரவர் உடம்பு அவரவருக்கு அழகு என்று ஒரு நாடகம். அதற்கு ஆள் எடுக்கிற விதம் இது!

“ஆனைக்குத்தான் வசனம் கூடுதல்னு டீச்சர் சொன்னாகளாம் அக்கா. பெரிய வேஷம்லா? இவ புரிஞ்சுக்கிட மாட்டேங்கா” என்றாள் பகவதி.

வேஷம் மட்டும்தான் பிரச்னை என்றால் நான் இதை எழுதவே மாட்டேன். ஆறுமுகம் தம்பிக்கு ஏற்கெனவே ஒரு குறை உண்டு. இந்த ரேஷன் காலத்தில், ஊரே மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துச் சாப்பிட்டுக் கன்னம் ஒட்டிக் கிடக்கும்போது, வியாபாரி வீட்டுப் பெண் ஒருத்தி தளதளவென்று தெருவில் நடந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? “குடோனைத் திறந்து பாக்க வேண்டாம். மகளைப் பாத்தா மதி” என்று சொன்னார்கள். அவர் காதில் படவே சொன்னார்கள். அந்த மனுஷர் ஒரு படி அரிசி பதுக்கினவர் இல்லை. அவர்கள் வீட்டிலும் கிழங்குதான். பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தெரியாதா? ஆனால் உடம்புக்கு ரேஷன் சட்டம் தெரியுமா? சிலருக்குத் தண்ணீர் குடித்தாலும் அப்படித்தான்.

அதற்காகப் பகவதி, மகளுக்குக் கஞ்சியைப் பாதியாக்கியிருந்தாள். பெண்ணின் உடம்பு குறையவில்லை. முகம்தான் வாடிப்போயிற்று. 

ஆகவே, மகள் ‘போக மாட்டேன்’ என்றதும் தகப்பனாருக்கு வசதியாகப் போயிற்று. “வேண்டாம்னா இருக்கட்டும். பெம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிச்சது போதும். வீட்டோட இருந்தா நாலு பேரு கண்ணுலே படாது” என்று சொல்லிவிட்டார். கோமதி, வகுப்பில் முதலாவதாக வருகிறவள். அடுத்த வருஷம் இங்கிலீஷில் பாடம் தொடங்கும் என்று இப்போதே எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறவள். அவள் படிப்பு ஒரு யானை வேஷத்தில் வந்து முட்டி நின்றது.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு இந்த விஷயத்தில் கோபம் சீக்கிரம் வரும்; அதற்குக் காரணமும் உண்டு. நான் உயரம். எங்கள் வீட்டுக்காரர் என் தோளுக்குச் சற்று மேலே வருவார். கல்யாணத்தன்று போட்டோ எடுக்க வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்தார். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு என்னை உட்காரச் சொன்னார், அவரைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அப்போதெல்லாம் மாப்பிள்ளைதான் உட்காருவார், பெண் நிற்பாள். இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் போட்டோவைப் பார்த்து, “பொண்ணை ராணி மாதிரி உக்கார வச்சிருக்காங்களே” என்கிறார்கள். ராணியும் இல்லை, ஒன்றும் இல்லை. மறைத்து வைத்தார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு அதில் வருத்தமே கிடையாது. “எனக்குப் பரண்லேருந்து சாமான் எடுக்க ஆள் கெடைச்சுது” என்பார். அவருக்கு விளையாட்டு. தெருவில் நடக்கும்போது முதுகைக் கூனிக் கூனி நடந்தவளுக்கு அல்லவா தெரியும்?

கோமதியிடம் போனேன். அரிசி புடைக்கிற முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதில் அரிசி இல்லாமல், சும்மா உட்கார்ந்திருந்தாள்.

நானும் புத்திசாலி மாதிரி ஆரம்பித்தேன். “ஆனைன்னா எவ்வளவு பெருமை தெரியுமாட்டி? சாலைக்கடை வழியா கோயில் ஆனை போனா யாராவது வேலை பாக்காங்களா? ஆபீஸுக்குப் போறவரு கூட சைக்கிளை ஓரங்கட்டிட்டு நிக்காரு. நகம் எத்தனை, காது எவ்வளவு அகலம், தும்பிக்கை தரையிலே இழையுதான்னு மணிக்கணக்கா பேசுதாங்க...”

நான் சொன்னது பொய் இல்லை. இந்தத் திருவனந்தபுரத்தில் யானையின் லட்சணம் தெரியாத ஆளே கிடையாது. பிள்ளை நட்சத்திரம் மறந்துபோகிறவருக்குக்கூட, எந்தக் கோயில் யானைக்கு எத்தனை நகம் என்பது மறக்காது. அதே ஆட்கள்தான், அதே வாயால், ஒரு பெண்பிள்ளையை ‘ஆனை’ என்று கூப்பிட்டு வசவாக்குகிறார்கள். யானைக்கு இது தெரிந்தால் என்ன நினைக்குமோ.

கோமதி பொறுமையாகக் கேட்டாள்.

“ஆனையை எனக்கும் பிடிக்கும் பெரியம்மை. ஆனையா நடிக்கதுக்கு எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்லே.”

“பின்னே?”

“டீச்சர் மத்த பிள்ளைகளை எல்லாம் வசனம் படிக்கச் சொன்னாக. நரிக்கு மூணு பேரு படிச்சாங்க. என்னை மட்டும் படிக்கச் சொல்லலே. பாத்தாக, எழுதிட்டாக. நான் நல்லாப் படிப்பேனா மோசமாப் படிப்பேனான்னு அவுகளுக்குத் தெரியவே வேண்டாம்.”

 நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

சாராள் டீச்சர் திகைத்துப் போனார். கெட்ட எண்ணம் ஒன்றும் அவருக்கு இல்லை. “எனக்கு ஒண்ணும் தோணலையே அக்கா. ஆனைன்னா வலிய பெருமைன்னு நீங்கதானே எழுதியிருக்கிய?”

“பெருமைதான். அப்போ டீச்சரே ஆனை வேஷம் போடுங்களேன்.”

டீச்சர் தம் கையைப் பார்த்துக்கொண்டார். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகிற கை. சிரித்துவிட்டார். சிரிப்பு நின்றதும் முகம் வேறாக ஆயிற்று. “சின்ன வயசிலே என்னை ஈர்க்குச்சின்னு கூப்பிடுவாங்க. எனக்குத் தோணியிருக்கணும்” என்றார்.

“இந்த மலையாளத்துக் கோயில்கள் சிலதிலே சாமிக்குப் பூசை செய்கிற சாந்திக்காரரையே சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எடுக்காங்க. காக்காய்க்கும் ஆமைக்கும் குலுக்கினா என்ன?” என்றேன்.

டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். “கோயில் வழக்கம்னு எங்க சபைக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. குலுக்கிடலாம்” என்றார்.

இங்கே ஆறுமுகம் தம்பி ஒரு நிபந்தனை போட்டார். பகவதி அழுது கேட்டதற்காக ஒப்புக்கொண்டாராம். “நாடகம் முடியுத வரைக்கும் போகட்டும். நடுவிலே நிறுத்தினா டீச்சருக்குச் சங்கடம். விழா முடிஞ்சதும் படிப்பு போதும். அதுக்கு மேலே என்கிட்டே யாரும் பேசாண்டாம்.” ‘யாரும்’ என்று சொல்லும்போது எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னாராம்.

சீட்டுக் குலுக்கினார்கள். விழுந்ததைக் கேளுங்கள். யானை, வகுப்பிலேயே மெலிந்த ரோசிக்கு. கையில் அள்ளி வைத்துவிடலாம் அந்தப் பெண்ணை. காக்கை, ஊரெல்லாம் ‘சிவத்தக் குட்டி’ என்று கொஞ்சுகிற பெண்ணுக்கு. அவள் முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் கரையக் கற்றுக்கொண்டாள். மூன்றாம் நாள் நிறுத்தச் சொல்லி வீட்டார் கெஞ்சினார்கள். நம் கோமதிக்குக் கொக்கு. மொத்தம் ஐந்து வரி வசனம். ஆனால் மேடைக்கு வந்தது முதல் போகிற வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.

அவள் வீட்டு முற்றத்தில் ஒற்றைக் கால் பயிற்சி நடந்தது. விழுந்தாள். எழுந்தாள். ஒரு தரம் சரிந்து விழுந்து, காயப்போட்டிருந்த சுக்கெல்லாம் சிதறிப்போயிற்று. தகப்பனார் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். பகவதிதான், “கொக்கு இப்படியா குதிக்கும்?” என்று சத்தம் போட்டாள். கஞ்சி பாதியாக இருந்தால் ஒற்றைக் காலில் நிற்க முடியாது என்று நான் எடுத்துச் சொன்னேன். விழா வரைக்குமாவது முழுக் கஞ்சி என்று முடிவாயிற்று.

விழா நாள் வந்தது. பெஞ்சு நிறையக் கூட்டம். முன்வரிசையில் மலையாளப் பெரியவர்கள். பின்னால் நம் ஆரியசாலைக்காரர்கள். நான், எங்கள் வீட்டுக்காரர், எனக்கு அந்தப் பக்கம் பகவதி, அவளுக்கு அந்தப் பக்கம் வேண்டா வெறுப்பாக ஆறுமுகம் தம்பி.

முதலில் ரோசி யானையாக வந்தாள். தும்பிக்கை, எங்கள் கடைச் சாக்கில் தைத்தது. எங்கள் வீட்டுக்காரரின் தர்மம். அது வற்றல் சாக்கு என்பதை அவரும் யோசிக்கவில்லை, தையல் தைத்தவர்களும் யோசிக்கவில்லை. மூக்கு பிடிக்கவில்லை என்று யானை அழ வேண்டிய இடத்தில், யானை தும்மியது. ஒரு தும்மல் இல்லை, அடுக்குத் தும்மல். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். “இந்த மூக்கு எனக்கு வேண்டவே வேண்டாம்” என்று அவள் சொன்னபோது சபை முழுவதும் நம்பியது.

முன்வரிசை மலையாளப் பெரியவர் ஒருவர் மட்டும் சமாதானமாகவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: “ஆன கொள்ளாம். பக்ஷே, தலையெடுப்பு போரா.” யானை பரவாயில்லையாம், தலைநிமிர்வு போதவில்லையாம். சாக்குத் தும்பிக்கை கட்டிய பத்து வயசுப் பெண்ணுக்கும் இந்த ஊர்க்காரர் லட்சணம் பார்க்காமல் விடமாட்டார்!

அப்புறம் கொக்கு வந்தது.

பழைய வேஷ்டியைக் கிழித்து இரண்டு சிறகு. பனையோலை மூக்கு. கோமதி நடு மேடைக்கு வந்து ஒரு காலை மடக்கினாள். அதற்குள்ளேயே பின்னால் களுக்கென்றது. அவள் தன் முதல் வரியைச் சொன்னாள். நான் எழுதிய வரி: “நரியாரே, என் கால் ரெண்டும் குச்சி மாதிரி இருக்கு. இதை எடுத்துக்கிட்டு வேறே கால் தாரும்.”

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

 சீட்டுக் குலுக்கச் சொன்னவள் நான். யானையாக வந்திருந்தால்கூட இவ்வளவு சிரித்திருக்க மாட்டார்களே! எங்களுக்குப் பின்னால் ஒரு ஆள், மூஞ்சி தெரியவில்லை, உரக்கக் கேட்டான்: “இந்தக் கொக்குக்கு மட்டும் எந்தக் குளத்திலே அரிசி கெடைக்கு வே?” அதற்கு ஒரு தனிச் சிரிப்பு. ஆறுமுகம் தம்பி தரையைப் பார்த்தார். பகவதி என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

மேடையில் கோமதி நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வரியைச் சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். திரைக்குப் பக்கத்தில் சாராள் டீச்சர் வசனத்தை எடுத்துக் கொடுத்தது எங்களுக்கே கேட்டது. அவள் திரும்பவில்லை. ஒற்றைக் காலில், ஆடாமல், எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒரு மூலையில் மறுபடி கிளம்பியது. அதுவும் அடங்கியது.

“சிரிச்சு முடிஞ்சாச்சா?” என்று கேட்டாள்.

கோபமாக இல்லை. கடையில், ‘வேறே ஏதும் வேணுமா’ என்று கேட்கிற குரல். கடைசிப் பெஞ்சு வரை கேட்டது.

“முடியலேன்னா நிக்கேன். கொக்குக்கு நிக்க நல்லாத் தெரியும்.”

இது என் நாடகத்தில் இல்லாத வரி. சத்தியமாக இல்லை. எனக்கு அப்படி எழுத வந்திருந்தால் நான் ஏன் பசு விளம்பரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

 பிறகு கைதட்டல். முதலில் தட்டியது முன்வரிசை லட்சணக்காரர்தான். “கொக்கு கொள்ளாம், கேட்டோ” என்றார். எல்லோரும் தட்டி முடிக்கிற வரைக்கும் கோமதி காத்திருந்தாள். பிறகு நரியிடம் திரும்பி மிச்சமிருந்த நாலு வரியைச் சொல்லிவிட்டு, மடக்கிய காலை மேடைக்கு வெளியே போய்த்தான் இறக்கினாள்.

ஆறுமுகம் தம்பி மெதுவாகப் பின்னால் திரும்பினார். அரிசிக் கேள்வி கேட்ட திசையைப் பார்த்து, “எனக்க மகளாக்கும் அது” என்றார். சண்டைக்குப் போகிற குரல் இல்லை. ஒரு தகவல் சொல்கிற குரல்.  பகவதி என் கையை விட்டுவிட்டுத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் தும்பிக்கைச் சாக்கினால் வந்த கண்ணீர் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். அவருக்கு வந்ததைச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து படுத்தபிறகும் ஒன்று உறுத்திற்று. அவள் நின்றாள், ஜெயித்தாள், கைதட்டினார்கள். ஒருவேளை கால் தடுமாறியிருந்தால்? அழுதுகொண்டு உள்ளே ஓடியிருந்தால்? பதினோரு வயசுக் குழந்தை அழுதால் தப்பா என்ன? அப்போது மட்டும் அந்த ஆள் கேட்டது நியாயமாகிவிடுமா? தைரியசாலிப் பெண்களைப் பாராட்ட நமக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் ஒரு குழந்தை தெருவில் நடந்து போகத் தைரியம் எதற்கு வேண்டும்? அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

சரி, கதையின் மிச்சத்துக்கு வருகிறேன். விழா முடிந்தது. அதாவது நிபந்தனைப்படி படிப்பும் முடிந்தது. ஞாயிறு முழுவதும் அடுத்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பகவதி சுவருக்கு அந்தப் பக்கம் ஜாடையாகக் கையை விரித்தாள். பேசக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறாரே. நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை, கடை திறக்கிற நேரத்துக்கு ஆறுமுகம் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. சண்டைதான்.

“அக்கா, உங்களுக்குக் கொஞ்சமாவது நியாயம் இருக்கா?”

“என்ன தம்பி?”

“அந்த நரிக்கு எம்புட்டு வசனம்... ஆனைக்கு எம்புட்டு... வந்து கா கான்னு கத்திட்டுப் போற காக்காய்க்கு ஒரு பக்கம். எனக்க மகளுக்கு அஞ்சே வரி. கொக்குன்னா அவ்வளவு இளக்காரமா? அடுத்த வருசமாவது பாத்து எழுதுங்க.”

நான் அவசரப்படவில்லை. மெதுவாகக் கேட்டேன்.

“அடுத்த வருசம் கோமதி பள்ளிக்கூடத்திலே இருப்பாளா தம்பி?”

“பின்னே? எங்கே போவா?” என்றார், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. “இப்பதானே புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டுப் போறா.”

ஜன்னல் வழியே பார்த்தேன். போய்க்கொண்டிருந்தாள். தெருமுனையில் இரண்டு பையன்கள் “ஏ கொக்கு” என்று கூப்பிட்டார்கள். திரும்பி நின்று, “என்னடே?” என்று கேட்டாள். அவர்களுக்கு அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிடும், போய்விட்டாள்.

இந்த ஆண்பிள்ளைகள் ‘நான் சொன்னது தப்பு’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அவர்கள் மனசு மாறிவிட்டது என்பதை, நம்மேல் வேறு ஒரு குற்றம் சாட்டுவதிலிருந்து நாமாகத்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அடுத்த வருஷம் கோமதிக்கு நிறைய வசனம் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகுதான் ஒரு சங்கடம் புரிந்தது. சாராள் டீச்சர் இனிமேல் எல்லா வருஷமும் சீட்டுதான் என்று சொல்லிவிட்டார். கோமதிக்கு எது விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வேறு வழியில்லை... எல்லா மிருகத்துக்கும் சரிசமமாக எழுதித்தான் ஆகவேண்டும்.